மீண்டும் களம் இறங்கும் முன்: பயிற்சிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எலும்பு முறிவு கூடியவர்களும், முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களும், டெங்குக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “டாக்டர், இனி நான் கம்பு சுற்றலாமா?” சிலர் கம்புக்குப் பதிலாகக் கராத்தே என்பார்கள், சிலர் குத்துச்சண்டை, ஜூடோ, டேக்வாண்டோ என்பார்கள். கேள்வியின் சாரம் ஒன்றே. உடல் தேறிவிட்டதா என்பதை அறியவே அவர்கள் வருகிறார்கள்.

அதற்கு மருத்துவர் விடை கூற முடியும். ஆனால் அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை: எங்கே சென்று பயில்வது? மருத்துவர் ஆறு வாரத்திற்கு மோதல் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் மாலையிலேயே எதிரே ஒருவரை நிறுத்திவிட்டால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் உணர வேண்டும். இக்கட்டுரை அதற்கான வழிகாட்டி.

ஓய்வில் உடல் எதை இழக்கிறது?

பயிற்சியை நிறுத்தியவுடன் முதலில் குறைவது மூச்சுத்திறன். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் பயிற்சியை அறவே விட்டபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 3 வாரத்திற்குள் ஏறத்தாழ 7 விழுக்காடும், 3 மாதத்திற்குள் ஏறத்தாழ 16 விழுக்காடும் குறைந்ததை 1984-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தசை வலிமை அதைவிட மெதுவாகக் குறையும். திரும்பப் பயிலும்போது தசை விரைவில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் மூட்டு ஜவ்வுகளும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை.

ஆனால் கற்ற வித்தையை மூளை மறப்பதில்லை. ஓராண்டு கழித்துக் கம்பைக் கையில் எடுத்தாலும் வீச்சு நினைவில் இருக்கும்; உதையின் வேகம் நினைவில் இருக்கும். மனம் பழைய வேகத்தைக் கேட்க, தசைநாண் புதிய மாணவனின் நிலையில் இருக்கும். திரும்பி வருவோர் மீண்டும் காயமடைவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். புதிதாகச் சேர்பவரை ஆசான் தாமாகவே மெதுவாக நடத்துவார். பழைய மாணவர் வந்தால், “உனக்குத் தெரியாததா?” என்று நேராக முன்வரிசையில் நிறுத்திவிடுவதும் உண்டு. திரும்பி வருபவருக்குத் தேவைப்படுவது, அவரைப் புதியவராக நடத்தத் தயங்காத இடம்.

நம் கடற்கரையில் திரும்பும் காலம்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் செல்லும் இளைஞர்களுக்குக் கரையில் நேரம் கிடைப்பது அப்போதுதான். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. விட்ட பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலமாகத் தோன்றும் இந்த வாரங்களே கத்திரி வெயிலின் வாரங்களும் ஆகும்.

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கரையோர ஊர்களில் வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை வழிந்தோடுமே தவிர உடலைக் குளிர்விக்காது. வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு 1 முதல் 2 வாரம் ஆகும். படகில் வெயிலுக்குப் பழகியவருக்கும் வேகமான பயிற்சி வேறு வகைச் சுமைதான். அந்த முதல் இரண்டு வாரத்தில் காலை 7 மணிக்கு முன்போ, மாலையில் வெயில் தாழ்ந்த பின்போ பயிற்சி தரும் இடமா, நிழலும் நல்ல குடிநீரும் உண்டா என்று பாருங்கள். “தண்ணீர் குடித்தால் உடல் கனக்கும்” என்று தடுக்கும் இடத்தைத் தவிருங்கள்.

இன்னோர் ஆபத்தும் இதனோடு சேர்ந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவரை முதல் நாளே நூறு தண்டால், இருநூறு பஸ்கி எடுக்கச் சொல்வது சில இடங்களில் வழக்கம். பழக்கம் விட்ட தசை ஒரே நாளில் அளவுக்கு மீறி உழைத்தால், தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வெப்பமும் நீர்க்குறைவும் அதைத் தீவிரமாக்கும். பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் கடும் தசைவலி, வீக்கம், தேயிலைக் கஷாயம் போன்ற கருத்த சிறுநீர் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

பின்வருவோர் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் சேரும் முன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுவது கட்டாயம்.

1. முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ ஆகிய இடங்களில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் 9 மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மறுபடி காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனவே 9 மாதம் என்பது குறைந்தபட்ச எல்லை. அதன்பின்னும் தொடைத்தசையின் வலிமையைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

2. முன்கை எலும்பு முறிந்தவர்கள். கம்படியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது, சுண்டுவிரல் பக்கமுள்ள எலும்பு முறிவது சிலம்பத்தில் நிகழக்கூடிய காயம். காவலரின் தடியடியை வைத்தே மருத்துவ நூல்கள் இதற்குப் பெயர் சூட்டியுள்ளன. வீக்கம் வற்றியதும் எலும்பு கூடிவிட்டதாக எண்ண வேண்டாம். எக்ஸ்ரே பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

3. தலையில் அடிபட்டு மயங்கியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள்.

4. இதய வால்வு அறுவைக்குப் பின்னரோ ஸ்டென்ட் பொருத்திய பின்னரோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள். இவர்கள் காலடி, மூச்சு, தனிச்சுற்று ஆகியவற்றைப் பயில மருத்துவர் அனுமதிக்கலாம். அடி வாங்கும் பயிற்சி ஆபத்தானது.

5. டெங்குவிலிருந்து மீண்டவர்கள். இரத்தத் தட்டணுக்கள் இயல்பு நிலைக்கு வந்ததை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யும் வரை அடி வாங்கக்கூடிய எதுவும் கூடாது. எந்தக் காய்ச்சலுக்குப் பின்னும் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு இருந்தால் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

6. நீரிழிவு உள்ளவர்கள். இதற்கான காரணத்தைத் தரை பற்றிய பகுதியில் கூறுகிறேன்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த இடத்திலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் முழுப் பயிற்சியையும் ஓரமாக அமர்ந்து பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. பின்னர் இவற்றைக் கேளுங்கள்.

“முதல் மாதம் என்ன செய்வேன்?” காலடியும் உடல் தயாரிப்பும் தனிச்சுற்றும் என்பது நல்ல விடை. சிலம்பத்தின் மரபே காலடியில் தொடங்கி, கம்பு வீச்சுக்குப் போய், பின்னரே நேர் மோதலுக்கு வருவது. அந்த வரிசையைத் திரும்பி வருபவருக்கும் கடைப்பிடிக்கும் ஆசான், இன்றைய மறுவாழ்வு மருத்துவம் கூறுவதையே செய்கிறார்.

“நான் மோதலில் சேராமல் இருக்கலாமா?” ‘ஸ்பாரிங்’ எனப்படும் நேர் மோதல் எப்போது, யாரோடு, எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று கேளுங்கள். நீங்கள் பார்க்கச் சென்ற நாளில், ஒரு மாணவர் “போதும்” என்று கை காட்டியபோது என்ன நடந்தது என்று கவனியுங்கள். எதிரில் நின்றவர் உடனே நிறுத்தினாரா? சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களா? ஒரு கூடத்தின் தரத்தை அதன் சுவரில் தொங்கும் பதக்கங்களைவிட இந்த ஒரு நொடி தெளிவாகக் காட்டும்.

“தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?” இதற்கு ஒரே சரியான விடைதான் உண்டு: அன்று பயிற்சி முடிந்தது; மருத்துவரிடம் அனுப்புவோம். மூளை அதிர்ச்சி ஏற்பட நினைவு தப்ப வேண்டிய அவசியம் இல்லை. தலைவலி, தடுமாற்றம், குமட்டல், மங்கிய பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்டல் ஆகியவை போதிய அறிகுறிகள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாட்டின் வழிகாட்டலின்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் பெரும்பாலும் ஓய்வு. பின்னர் மெல்லிய நடையில் தொடங்கி 6 படிகள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அடிபட வாய்ப்புள்ள படிகளுக்குப் போகும் முன் மருத்துவ ஒப்புதல். குத்துச்சண்டையில் தலையடியால் ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் விலக்கு என்பது நெடுங்கால விதி. முதல் அதிர்ச்சி ஆறும் முன் மீண்டும் தலையில் அடிபட்டால், குறிப்பாக இளையோருக்கு, மூளை வீங்கி உயிரிழப்பு நேரலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் காப்பாற்றுவது கடினம்.

“தலைக்கவசம் இருக்கிறதே” என்பது போதிய விடையாகாது. கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013-இல் ஆடவர் உயர்நிலைக் குத்துச்சண்டையில் தலைக்கவசம் நீக்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அதில்லாமலே மோதினர். கவசம் அணிந்தால் எத்தனை அடியும் தாங்கலாம் என்ற எண்ணமே ஆபத்து. பற்களைக் காக்கும் வாய்க்கவசமும், கம்புப் பயிற்சியில் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும்.

“எடையைக் குறைக்கச் சொல்வீர்களா?” 1997-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வார இடைவெளிகளில் உயிரிழந்தனர். மூவரும் போட்டிக்காக வியர்வை வழிய எடை குறைத்துக்கொண்டிருந்தவர்கள். அதன்பின் அங்கே ரப்பர் உடையும் வெப்ப அறையும் தடை செய்யப்பட்டன. உடலில் நீரை வற்றச் செய்யும் முறை நம் கடற்கரை வெப்பத்தில் இன்னும் கொடியது. திரும்பி வரும் முதலாண்டில் உங்கள் இயல்பான எடைப் பிரிவிலேயே இருங்கள்.

தரை, விரிப்பு, தோல்

நம் மாவட்டத்தில் பயிற்சி பல இடங்களில் நடக்கிறது: கோவில் திடல், பள்ளி மைதானம், கடற்கரை மணல், மொட்டை மாடி. ஒவ்வொரு தரையும் உடலிடம் வேறொன்றைக் கேட்கும். தளர்ந்த மணல் விழுவதற்கு மென்மையானது. ஆனால் கணுக்காலையும் கெண்டைக்காலையும் கூடுதலாக உழைக்க வைக்கும். கணுக்கால் சுளுக்கோ குதிகால் தசைநாண் வலியோ இருந்தவர்கள் அலை நனைத்து இறுகிய மணலில் தொடங்கலாம். சிமெண்டுத் தரை காலடிக்கு உறுதியானது. குதிப்பதும் விழுவதும் அதில் கூடாது. தூக்கி எறியும் ஜூடோ, மல்யுத்தம் ஆகியவற்றுக்கு இடைவெளியில்லாமல் பொருந்திய விரிப்பு இன்றியமையாதது.

திறந்த திடல் என்றால் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலில் முள் தைத்து உள்ளே முனை முறிந்தால் சீழ் பிடிக்கும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்ததே தெரியாது. சில நாளில் அது ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லலாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் காலணி அணிந்து பயில அனுமதிக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

விரிப்பில் பயிலும் இடத்தில் அதை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா என்று கேளுங்கள். ஈரமும் வியர்வையும் நிறைந்த கடலோரத்தில் படர்தாமரை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு எளிதில் தொற்றும். கடையில் தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்க்கும். வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரை இப்போது இந்தியாவெங்கும் பெருகியுள்ளது. தோலில் படர்தாமரை உள்ளவர், மருந்து தொடங்கிக் குறைந்தது 72 மணி நேரம் ஆன பின்பே விரிப்பில் ஏற வேண்டும் என்பது மல்யுத்தத்தில் பின்பற்றப்படும் விதி. தோலைப் பார்த்து, “நீ இன்று ஓரமாகப் பயிலு” என்று சொல்லும் ஆசான் மற்ற மாணவர்களையும் காக்கிறார்.

எந்த வகை இடம் நல்லது?

இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் போன்ற அரசு அரங்கம், ஊர் ஆசானின் களம், பள்ளி வகுப்பு, தனியார் பயிற்சிக்கூடம் ஆகிய எதையும் பொதுவாக உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ கூற முடியாது. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டால் எந்த விளையாட்டுக்கு எங்கே பயிற்சி உண்டு என்பது தெரியவரும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. போட்டி வாய்ப்பு பெருகுவது மகிழ்ச்சிக்குரியது; ஆனால் அடுத்த போட்டித் தேதியைக் காட்டி உங்கள் மீட்சியை விரைவுபடுத்த எவருக்கும் இடம் தராதீர்கள்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தால் தூக்குப் படுக்கையில் களத்தை விட்டுச் சென்றார். 2018-இல் காமன்வெல்த், ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மற்றொரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஓராண்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டி வரை சென்றார். இளைஞர்கள் இதை எங்களிடம் சான்றாகக் காட்டுவதுண்டு. அவரைச் சுற்றி நாள்தோறும் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் பயிற்சியாளரும் இருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும், 100 கிராம் கூடுதல் எடையால் அந்த இறுதிப் போட்டியை இழந்தார். இரவு முழுவதும் எடை குறைக்க முயன்று நீர்வற்றிச் சிகிச்சையும் பெற்றார். அவரது மனவுறுதியைப் பின்பற்றுங்கள். கால அட்டவணையைப் பின்பற்ற வேண்டாம்.

தொலைவையும் கணக்கில் கொள்ளுங்கள். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். களைத்த உடலோடு இரவில் இருசக்கர வாகனத்தில் பாலம் கடந்து திரும்புவது தனி ஆபத்து. புகழ்பெற்ற தொலைவான கூடத்துக்கு வாரம் ஒரு நாள் சென்று வருவதைவிட, வீட்டருகே வாரம் மூன்று நாள் ஒழுங்காகப் பயில்வது உடலுக்கு நல்லது. அங்கே ஒருவருக்கேனும் முதலுதவி தெரியுமா, 108 வண்டி வந்து நிற்க வழி உண்டா, 24 மணி நேரமும் தலை ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எங்கே உள்ளது என்பவற்றை முன்னரே அறிந்து வையுங்கள்.

குழந்தைகளையும் பெண்களையும் அனுப்பும் குடும்பத்தார் ஒன்றைக் கூடுதலாகக் கேட்க வேண்டும்: நாங்கள் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? ஆம் என்பதைத் தவிர வேறு விடையை ஏற்க வேண்டாம்.

முதல் எட்டு வாரம்

பெரிய காயம் ஏதுமின்றிச் சில மாதம் விட்டவருக்கான பொது வழிகாட்டி இது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அவர்களுடைய மருத்துவர் தனி அட்டவணை தருவார்.

முதல் 2 வாரம்: வாரம் 3 நாள், உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதி. நடை, காலடி, மெதுவான வீச்சு.

3, 4-ஆம் வாரம்: நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

5, 6-ஆம் வாரம்: வேகம் கூட்டலாம். பையில் குத்துதல், இணையோடு சொல்லி வைத்த வரிசைகள்.

7-ஆம் வாரம் முதல்: ஆசானும் நீங்களும் ஒத்துக்கொண்டால், தெரிந்த இணையோடு கட்டுப்பாடான மோதல்.

பயிற்சிக்கு மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால், அல்லது வலி 24 மணி நேரத்தில் தணியாவிட்டால், முந்தைய படிக்கு இறங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குச் செல்வது, எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். வீங்கிய மூட்டில் எண்ணெய் தேய்த்து இறுகக் கட்டுவதும் வேண்டாம். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

மீண்டும் களம் காண விரும்புபவரைத் தடுப்பது உங்கள் வேலையன்று. நோயுற்றவர் தம் பழைய விளையாட்டுக்குத் திரும்ப விரும்புவது மனத்தளவில் நலம் பெறுவதன் அடையாளம். அவரோடு ஒரு மாலை பயிற்சிக்கூடத்துக்குச் சென்று பாருங்கள். மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பின் நகலை ஆசானிடம் காட்டச் சொல்லுங்கள். ஆசான் அதை வாங்கிப் படித்து, “எதைச் செய்யக் கூடாது?” என்று கேட்டால் நல்ல இடம் கிடைத்துவிட்டது. “இதெல்லாம் எதற்கு?” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த இடத்தைப் பாருங்கள்.

தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், கை கால் தளர்ச்சி, வெயிலில் பயிலும்போது பிதற்றல் அல்லது மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் காலை வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வெயிலில் மயங்கியவரை வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

எந்த இடத்தைத் தேர்வது என்பதில் ஐயம் இருந்தால், பயிற்சிக்கூடத்தின் பெயரையும் மேற்கண்ட கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளையும் ஒரு தாளில் எழுதி அடுத்த பரிசோதனைக்கு எடுத்து வாருங்கள். எக்ஸ்ரேயைப் பார்ப்பதோடு அந்தத் தாளையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வோம்.